ஜோதமின் வலது கை

திர்சா அக்காவைக் கட்டிய லெமுவேல் அத்தான் அமெரிக்க உள்நாட்டுப் போரில் துப்பாக்கி தொட்டவரில்லை. வர்ஜீனியாவில் வடக்குப் படையின் கூடார மருத்துவமனைக்குப் பக்கத்தில், ஒரு மூடுவண்டியை வைத்துக்கொண்டு புகைப்படம் எடுத்தார். டாக்டர்களுக்காகக் காயங்களைக் கண்ணாடிப் பலகையில் எடுத்துக் காகிதத்தில் அச்சிடுவார். வீட்டுக்கு அனுப்பப் படம் கேட்கும் சிப்பாய்களுக்குத் தகரத் தகட்டில் எடுத்துக் கொடுப்பார். காய்ச்சலில் நடுங்குகிறவனிடம் கதை பேசிப் பேசியே அவன் அசையாமல் இருக்கும் நேரத்துக்காகக் காத்திருப்பார். அந்தப் பொறுமை எனக்குச் சுட்டுப்போட்டாலும் வராது.

இடது கையை இழந்த ஜோதம் என்ற சிப்பாய், தன் தகட்டுப் படத்தைப் பார்த்ததும் கத்தினான்.

“அண்ணே, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க? இதுல வலது கையில்ல போயிருக்கு!”

“தகட்டுல இடம் வலமா மாறித்தான்டா விழும். கண்ணாடில மூஞ்சி பார்க்கற மாதிரி. எல்லாரும் அப்படியேதானே அனுப்பறாங்க?”

“எல்லாரும் என்னை மாதிரி படகு செய்யறவனா? உளி பிடிக்கிற கை போயிருந்தா பொண்ணு கிடையாதுன்னு, நான் கட்டிக்கப் போற ஹல்டாவோட அப்பன் சொல்லிட்டான்.”

“எந்தக் கைன்னு கடுதாசி எழுது.”

“அவளுக்குப் படிக்கத் தெரியாது. அந்தாளுதான் படிச்சுச் சொல்லணும். சொல்லிக் கிழிச்சான்!”

கண்ணாடியில் எடுத்துக் காகிதத்தில் அச்சிட்டால் கை சரியாக வரும். ஆனால் வண்டியில் இருந்த கண்ணாடிப் பலகைகளெல்லாம் டாக்டர்களுடையவை. அத்தானுக்குச் சொந்தம் ஒன்றே ஒன்று: கல்யாணத்தன்று அக்காவை எடுத்தது. அதை இன்னும் அச்சிட்டிருக்கவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒருமுறை பார்த்தார். பிறகு காரநீரில் போட்டுத் தேய்த்து, அதிலிருந்த படத்தை அழித்துவிட்டார்.

இந்தக் கதையை அவர் சொல்லும்போதெல்லாம் அக்கா இந்த இடத்தில் குறுக்கே பேசுவாள்.

“கட்டின பொண்டாட்டி மூஞ்சிய அழிச்ச மகராசன்!”

“மறுபடி எடுத்தாப் போச்சு.”

“அந்த மூஞ்சிக்கு இப்ப எங்க போவீங்க?”

அன்று அத்தான் ஜோதமைச் சட்டையைக் கழற்றச் சொன்னார். வலது கையில் ஓர் உளியைக் கொடுத்தார்.

“வெட்டின இடத்தையுமா காட்டணும்? அவ பயந்துருவாண்ணே.”

“மறைச்சா அவ அப்பன் ஏதாவது கதை கட்டுவான். பயப்படறவ இப்பவே பயப்படட்டும். ஆடாம நில்லு.”

படம் ஹல்டாவுக்குப் போனது. நெடுநாள் பதில் இல்லை. தபால் வரும்போதெல்லாம் ஜோதம் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினான்.

குளிர் தொடங்கியபோது ஹல்டாவின் ஊரிலிருந்து அவனுக்கு ஒரு பொட்டலம் வந்தது. அதில் கடிதம் இல்லை. புதிதாகப் பின்னிய கம்பளிக் கையுறை இருந்தது. ஒன்றுதான், வலது கைக்கு.

அவன் அதைப் பல்லால் இழுத்து மாட்டிக்கொண்டு, நேராக அத்தானின் வண்டிக்கு ஓடினான்.