‘ஃபைபர் கோளாறு’ என்று நான் போட்ட கையெழுத்து

1. ஜிலேபி

இருபத்தேழு வருடம் டெலிபோன் கம்பெனிகளுக்காக ரோட்டோரக் குழிக்குள் உட்கார்ந்து ஃபைபர் கேபிளுக்கு ஜாயின்ட் போட்டவன் நான். முதுகு போன பிறகு காஞ்சிபுரத்தில் ஒரு புற்றுநோய் சிகிச்சை மையத்தில் சேர்ந்தேன். மையத்தின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் வக்கீல் நோட்டீஸ் வரும். அதற்குப் பதில் போட்டுக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது.

அங்கே ஃபைபருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நோயாளிக்குக் கதிர் கொடுக்கும்போது, கணக்குப் போட்ட அளவுதான் உடம்பில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குத் தையல் நூலைவிடக் கொஞ்சம் தடித்த பிளாஸ்டிக் ஃபைபர். முனையில் கடுகளவு ஒரு பொருள் ஒட்டியிருக்கும். கதிர் பட்டால் அது மினுங்கும். அந்த வெளிச்சம் ஃபைபர் வழியாகச் சுவரைத் தாண்டி எங்கள் அறைக்கு வந்து மீட்டரில் எண்ணாக மாறும். முனையைத் தேய்த்து, ஒட்டி, நோயாளியின் தோல்மேல் டேப் போட்டு நிறுத்துவது என் வேலை. எண்ணைப் பார்த்து முடிவு சொல்வது, கதிர் அளவைக் கணக்குப் போடும் பிசிசிஸ்ட் சாரின் வேலை.

முதல் நாள் ஆளுக்குப் பதில் தண்ணீர்த் தொட்டியை வைத்துச் சோதித்தோம். நூறு காட்ட வேண்டிய இடத்தில் நூற்றுப் பதினெட்டு காட்டியது. சார் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

“என்னங்க இது, ஜிலேபி சுத்தி வச்சிருக்கீங்க?”

ஜாயின்ட் பக்கத்தில் நாலு சுற்று ஃபைபரை உபரியாக விட்டுவைப்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். நாளைக்கு அறுந்தால் இழுத்து மறுபடி ஒட்ட வேண்டாமா? பழக்கத்தில் கை தானாகச் சுற்றி, முனைக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டது. ஆனால் கதிர் பாயும் இடத்தில் வெறும் ஃபைபர் கிடந்தால் அதுவும் லேசாக ஒளிருமாம். அந்தத் திருட்டு வெளிச்சமும் மீட்டரில் சேர்ந்துவிடும். எனக்கு அது தெரியாது. தெரியாதவனுக்குச் சொல்லித் தந்தால் என்ன குறைந்துவிடும்? டீ கொண்டு வருகிறவர் வரைக்கும் கதையைச் சொல்லி மானத்தை வாங்கினார். அன்றிலிருந்து எனக்கு ஜிலேபி என்றே பெயர்.

சுற்று விடும் பழக்கத்தை மறுநாளே விட்டேன். பெயர் போகவில்லை.

2. நூற்று நாற்பத்தொன்று

தனம் ஐயம்பேட்டைக்காரர். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். இடது மார்பை எடுத்துவிட்டு, அக்குளோடு சேர்த்துக் கதிர் வைத்துக்கொள்ள வந்தவர். தறியில் பழைய பாவு முடிந்ததும் புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அதோடு முறுக்கிப் பிணைப்பது அவர் தொழில். நான் டேப் போடுவதைப் பார்த்து முதல் நாளே கிண்டல் செய்தார்.

“இன்னாண்ணே, ஒத்த இழைய ஒட்றதுக்கு இம்மா நேரமா? இந்நேரத்துக்கு நான் நூறு பிணைச்சிருப்பேன்.”

“நீ பிணைக்கிறது அறுந்தா புடவதான்மா போவும்.”

“புடவதான்னு லேசா சொல்லிட்டீங்க. எங்க முதலாளி வந்து கத்துறத ஒரு நாள் கேட்டுப் பாருங்க.”

வாரத்தில் ஐந்து நாள் சிகிச்சை. ஃபைபர் வைத்து அளப்பது திங்கட்கிழமை மட்டும். முதல் இரண்டு திங்களும் நூறை ஒட்டியே வந்தது. பிறகு கம்ப்யூட்டர் பழுதாகி, எல்லாருடைய சிகிச்சை சார்ட்டையும் கையால் புதிதாக எழுதினார்கள். அடுத்த திங்கள் தனத்துக்கு நூற்று நாற்பத்தொன்று.

“சார், நூத்தி நாப்பத்தொண்ணு காட்டுது.”

“மறுபடியும் ஜிலேபியா?”

“சுத்தே இல்ல சார். நேரா இழுத்துருக்கேன். ஒரு தபா வந்து பாருங்க.”

“வெளியில பத்து பேர் வெயிட் பண்றாங்க. ஃபைபர் கோளாறுன்னு ரெஜிஸ்டர்ல எழுதி சைன் பண்ணுங்க. அடுத்த வாரம் புது ஃபைபர் போட்டுப் பாக்கலாம்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “உங்க இஷ்டம் சார்” என்று சொல்லி, அவர் சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த திங்களும் இதே நம்பர் வரட்டும், அப்போது இவர் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்கிறார் பார்ப்போம் என்று மனசுக்குள் கறுவினேன்.

செவ்வாய் முதல் வெள்ளி வரை தனம் தினமும் வந்தார், படுத்தார், எழுந்து போனார்.

திங்கட்கிழமை புது ஃபைபரோடு போனேன். “மெதுவா ஒட்டுங்கண்ணே, எரியுது” என்றார். அக்குள் முழுக்கத் தோல் வழன்று நீர் வடிந்துகொண்டிருந்தது. நான் ஒட்டவில்லை. டாக்டரைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

பழைய சார்ட்டையும் புது சார்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கதிரைக் குறைக்க மெஷின் வாயில் செருகும் உலோக ஆப்புக்கு வெட்ஜ் என்று பெயர். புது சார்ட்டில் வெட்ஜ் கட்டம் காலி. ஆப்பு இருக்கும் என்று கணக்கிட்ட அத்தனை நேரமும் ஆப்பு இல்லாமலே கதிர் பாய்ந்திருக்கிறது. மீட்டர் காட்டியது உண்மை.

தனத்திடம் சார் என்ன சொன்னார் தெரியுமா? “சில பேருக்கு ஸ்கின் ரொம்ப சென்சிட்டிவ்மா.”

3. விசாரணை

புண் ஆறப் பல மாதம் ஆனது. அதற்குப் பிறகு தோள் இறுகியது. பிறகு அக்குள் நரம்பு கெட்டு இடது கையில் மூன்று விரல் மரத்துப்போனது. இழை விரலில் இருக்கிறதா இல்லையா என்றே அவருக்குத் தெரியவில்லை. கேள்விப்பட்டதும் நான் ஐயம்பேட்டைக்குப் போய், அவரிடமும் அவர் வீட்டுக்காரரிடமும் நடந்ததைச் சொன்னேன். கையெழுத்தைத் தவிர மற்றதெல்லாம் சொன்னேன். அவர்கள் மையத்தில் புகார் கொடுத்தார்கள்.

விசாரணைக்கு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். “திங்கக்கெழமையே சொன்னேன் சார், இவர்தான் கேக்கல” என்று பிசிசிஸ்ட் சாரைக் காட்டினேன். நடுவில் இருந்தவர் ரெஜிஸ்டரை என் பக்கம் திருப்பினார்.

“இது உங்க கையெழுத்தா?”

“ஆமா. ஆனா...”

“ஃபைபர் கோளாறுன்னு எழுதினது?”

“நான்தான்.”

“போதும்.”

அன்றைக்குக் கருவி பழுது, அதனால் தவறு யாருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்று எழுதி ஃபைலை மூடினார்கள். சார்ட் எழுதியவர் ஏற்கெனவே வேலையை விட்டுப் போயிருந்தார்.

வராந்தாவில், கையெழுத்து விஷயம் கேள்விப்பட்ட தனத்தின் வீட்டுக்காரர் என்னை அடிக்க வந்தார். தனம்தான் தடுத்தார்.

“இழை நேராத்தானண்ணே இருந்துச்சு? நான் பாத்துக்கினுதான படுத்துருந்தேன். அப்புறம் ஏண்ணே அப்பிடி எழுதுனீங்க?”

“பயந்துட்டேம்மா” என்றேன்.

அது பொய். நான் எவனுக்கும் பயப்படவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்த ஆள் ஒரு திங்கட்கிழமை அசிங்கப்பட வேண்டும் என்பதற்காகத்தான் கையெழுத்துப் போட்டேன். அந்த ஒரு வாரம் தனத்தின் உடம்பில் போனது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான். மீட்டர் காட்டியதைக் காட்டியபடி எழுதுங்கள். யார் சிரித்தாலும், யாரோடு உங்களுக்கு என்ன வீம்பு இருந்தாலும், காரணம் தெரிகிற வரை அடுத்த சிட்டிங்கை நிறுத்தச் சொல்லுங்கள். நிறுத்த மாட்டேன் என்றால் கதிர் அறை வாசலில் போய் மறித்து நில்லுங்கள்.

நான் வேலையை விட்டுவிட்டேன். உண்மைக் காரணத்தைத் தனத்திடம் சொல்ல இரண்டு முறை ஐயம்பேட்டை பஸ் ஏறினேன். இரண்டு முறையும் அவர் வீட்டு நிறுத்தத்தில் இறங்காமல், அடுத்ததில் இறங்கித் திரும்பிவிட்டேன்.