முதலில் எடுத்த ஆள்

எங்கள் காயல்பட்டினத்தில் கல்யாணம் ஆனால் வீடு மாறுகிறவன் ஆண்தான். பெண் தன் உம்மா வீட்டிலேயே இருப்பாள். மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்ச் சேர வேண்டும். நான் அப்படி வந்தவன். இப்போது என் மகளைக் கட்டியவனும் அப்படி வந்திருக்கிறான். ஆக ஒரே வீட்டில் இரண்டு மாப்பிள்ளைகள். மூத்த மாப்பிள்ளைக்கு என்ன மரியாதை என்று கேட்காதீர்கள். இத்தனை வருஷம் என் தட்டுக்கு வந்த மீன்தலை இப்போது என்னைத் தாண்டிப் போகிறது.

மருமகன் கால்பந்துப் பைத்தியம். அவன் வந்த புதிதில், பேச வேறொன்றும் கிடைக்காமல், நானும் ஒரு காலத்தில் ஆடியவன்தான் என்று சொல்லி வைத்தேன். "நான் ஆடுன வருச டீம் தேர்வுல முதல்ல எடுத்த ஆளே நான்தான்" என்றும் சொன்னேன். இரண்டுமே சத்தியம். பையன் என்னைப் பார்த்த பார்வையே மாறிவிட்டது. வளைகுடாவில் பாதி ஆயுளை நாற்காலியில் கழித்து, தலைமுடியைக் கொடுத்துத் தொப்பையை வாங்கி வந்தவனை ஒரு இளவட்டம் அப்படிப் பார்ப்பது சாதாரண விஷயமா? அந்தப் பார்வை போய்விடக் கூடாது என்பதே என் பெரிய கவலை ஆனது. மீதிக் கதையை அதனால்தான் சொல்லவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும், "வாங்க மாமா, டீ குடிச்சிட்டு வருவோம்" என்று மைதானத்துக்குப் பக்கத்துக் கடைக்கு அழைத்துப் போனான். நான் பல வருஷமாகத் தவிர்த்து வந்த கடை அது. அங்கே எப்போதும் இரண்டு ரசிகர்கள் உட்கார்ந்திருப்பார்கள் என்று கேள்வி. ஒருவர் ஜவுளிக்கடைக்காரர், இன்னொருவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். இரண்டு பேருமே வாழ்நாளில் பந்தைத் தொட்டதில்லை. அதனாலேயே அவர்களுக்கு எல்லா ஆட்டமும் ஞாபகம் இருக்கும்.

டீயும் சமோசாவும் வரவும் வாத்தியார் ஆரம்பிக்கவும் சரியாக இருந்தது. "என்ன இருந்தாலும் அந்த அஞ்சு பேர் மாதிரி வராது."

எடுத்த சமோசாவைத் திரும்பத் தட்டிலேயே வைத்தேன்.

அந்த ஐந்து பேரில் நான் ஒருவன். அப்போது தெருவுக்கொரு அணி. நடுவில் நின்று பந்தைப் பிரித்துக் கொடுக்கிறவன் நன்றாக அமைந்தால் கப்பு அந்தத் தெருவுக்கு. ஒரே தெருவில் நல்ல ஆள் எல்லாம் குவிந்து சண்டை வந்ததால், நடுக்காரர்களை மட்டும் பொதுவில் நிறுத்தி, சீட்டுக் குலுக்கி வரிசை போட்டு, தலைவர்கள் ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். அந்த வருஷம் ஐந்து அணிக்கு ஐந்து பேர் நின்றோம். முதல் சீட்டு நான் பிறந்த உம்மா தெருவுக்கு விழுந்தது. என்னை எடுத்தார்கள். கடைசியாக மிஞ்சியவன் ஒரு கண்ணாடிக்காரன். கண்ணாடியைக் கழற்றினால் கோல் கம்பம் எந்தப் பக்கம் என்று கேட்பான். அவனை வேறு வழியில்லாமல் தலையில் கட்டிக்கொண்ட தெரு, பின்னால் எனக்கு மாமியார் தெரு ஆனது.

"இரண்டாவதா எடுத்தவன் போலீஸ் டீமுக்குப் போயிட்டான்" என்றார் ஜவுளிக்கடைக்காரர். "மூணாவது ஆளு காலை உடைச்சிக்கிட்டான். நாலாவது ஆளுக்கு அரையிறுதி அன்னைக்குக் காலையில விசா வந்திச்சு. பூட்ஸைக் கழட்டாமலே ஏர்போர்ட்டுக்குப் போனான்."

"கண்ணாடிக்காரன்லா கப்பு அடிச்சான்!" என்று அவரே முடித்தார்.

"அது சரி. முதல்ல எடுத்தானுவளே ஒருத்தன்..." என்று வாத்தியார் இழுத்தார். மருமகன் நிமிர்ந்து உட்கார்ந்தான். நான் டீ கிளாசுக்குள் முகத்தை விட்டேன்.

நடந்தது இதுதான். அரையிறுதிக்கும் இறுதி ஆட்டத்துக்கும் நடுவில் எனக்குக் கல்யாணம். வீடு மாறினேன். புது மாப்பிள்ளைக்கு மாமியார் வீட்டுச் சாப்பாடு என்றால் எப்படி என்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். காலையில் இடியாப்பமும் கறியும், முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்த இனிப்பான வட்டிலப்பமும், அது செரிப்பதற்குள் மதியத்துக்கு நெய்ச்சோறு. வேண்டாம் என்றால் "பிடிக்கலையா மாப்பிள்ளே?" என்று கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வரும். இறுதி ஆட்டம் அந்த மாமியார் தெருவோடுதான்; நான் இன்னும் உம்மா தெரு ஆள். குனிந்து பூட்ஸ் கயிறு கட்ட முடியாமல் இன்னொருவன் கட்டிவிட்டான். ஆட்டம் சமனாக இருந்தபோது எங்களுக்குப் பெனால்டி கிடைத்தது. நான் உதைத்தேன். பந்து கம்பத்துக்கு மேலே, மதிலுக்கும் மேலே போய்விட்டது. அடுத்த நிமிஷம் கண்ணாடிக்காரன் கோல் போட்டான்.

"மாமியா வீட்டு மாடிக்கே பந்தைப் பார்சல் அனுப்புனான் பாவி" என்றார் ஜவுளிக்கடைக்காரர். "வேணும்னே விட்டது. அவன் காலுக்குப் பெனால்டி தப்பவே தப்பாது. எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரன்! துரோகம் பண்ணிட்டான்."

"துரோகமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல" என்றார் வாத்தியார். "அவனுக்கு ஆடவே தெரியாது. மொதல்ல எடுத்ததே தப்பு. சும்மா ஒசரமா இருந்தான், ஏமாந்துட்டானுவ."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஒருவர் என்னைத் துரோகி என்கிறார், இன்னொருவர் ஆடவே தெரியாதவன் என்கிறார். இரண்டில் எனக்குப் பொறுக்க முடியாமல் போனது வாத்தியார் சொன்னதுதான். அதுவும் மருமகன் பக்கத்தில் இருக்கும்போது.

ஜவுளிக்கடைக்காரர் என் பக்கம் திரும்பினார். வழுக்கையும் தொப்பையுமான என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை; ஊர் வழக்கப்படி அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டார். "காக்கா, நீங்களும் பார்த்திருப்பீங்களே. நீங்க சொல்லுங்க."

"வேணும்னேதான் விட்டான்" என்றேன், கடையே திரும்பிப் பார்க்கும்படி. "நான் கண்ணால பார்த்தேன். சரியான துரோகி! ஆனா ஆட்டக்காரன்னா அவன்தான் ஆட்டக்காரன்."

ஜவுளிக்கடைக்காரர் பூரித்துப்போய் எங்கள் இரண்டு டீக்கும் தன் கணக்கில் சொன்னார். வாத்தியார் முகம் சுருங்கிவிட்டது. நல்லா வேணும்.

வெளியே வந்து நடந்தோம். மருமகன் என் முகத்தைப் பார்க்காமல் நடந்தான். சொந்தத் தெருவுக்குத் துரோகம் செய்தவனை மாமனாராக அடைந்துவிட்டோமே என்று நினைக்கிறானோ?

"மாமா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"வேணும்னு விட்டீங்கன்னா எதுக்கு அழுதீங்க?"

நின்றுவிட்டேன்.

"மாமி சொல்லிட்டாங்க. அன்னைக்கு ராத்திரி சுவத்தைப் பார்த்துப் படுத்துக்கிட்டு அழுதீங்களாம். சோத்தைத் தொடலையாம். புது மாப்பிள்ளைக்கு என்ன குறை வச்சோம்னு வீடே பதறிப்போச்சாம்."

என் பெண்டாட்டியிடம் நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், இதை யாரிடமும் மூச்சு விடாதே என்று! மானம் போய்விட்டது. "தப்பிப் போச்சு" என்றேன். "நல்லாத்தான் பார்த்து அடிச்சேன். தப்பிப் போச்சு." முதல் முறையாக ஒரு ஆண்பிள்ளையிடம் சொல்கிறேன்.

"அதான் மாமா, எல்லாருக்கும் தப்பும்" என்றான் அவன். பிறகு கடைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "ஆனா அந்த வாத்தியார்கிட்ட மட்டும் ஒத்துக்கிடாதீங்க. கடையில நீங்க துரோகியாவே இருங்க. நானும் அப்படித்தான் சொல்லப் போறேன்."

அதுவரை அவன் என்னை எப்படிப் பார்க்கிறான் என்றே கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் நான் அவனைச் சரியாகப் பார்த்தேன்.