நான் ஒதுக்கித் தள்ளிய மாதிரிகள்

ஒரு காந்தத்துக்குள் அணுக்கள் எப்படியெல்லாம் அமையலாம் என்று கணினியைக் கொண்டு மாதிரிகள் எடுப்பதுதான் சிங்கப்பூரில் எனக்கு வேலை. வெறும் இரைச்சலில் தொடங்கி, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நீக்கி, கடைசியில் ஓர் அமைப்பைக் கையில் கொடுக்கும் டிஃப்யூஷன் மாடல். பார்க்க அழகாக இருந்தால் மட்டும் போதாது. இயற்கையில் எந்த அமைப்பு எவ்வளவு வருமோ, அதே விகிதத்தில் வர வேண்டும்.

வரைபடத்தில் என் மாதிரிகள் கோட்பாடு சொன்ன கோட்டின் மேல் அப்படியே உட்கார்ந்தன. மகிழ்ச்சியில் எனக்குத் தலைகால் புரியவில்லை. எதிர் மேசையில் ஆராய்ச்சி செய்யும், இங்கேயே தெம்பனிஸ் வட்டாரத்தில் பிறந்து வளர்ந்த பெண் அவற்றை வாங்கி, தன் முனைவர் பட்ட ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமே எழுதிவிட்டாள்.

ஒரு சனிக்கிழமை இருவரும் தேக்கா சந்தைக்குப் போனோம். நான் வெண்டைக்காயின் நுனியை ஒடித்து ஒடித்துப் பார்த்துக் கூடையில் போட்டேன். அவள் சிரித்துக்கொண்டே, சிங்கப்பூர்க்காரர்களுக்கே உரிய 'லா'வோடு சொன்னாள்.

"உங்க கூடைய மட்டும் பாத்தா, தேக்காவுல முத்தின காயே கிடையாதுன்னு நினைச்சுக்குவாங்க லா."

எனக்குச் சுருக்கென்றது. முதல் மாதத்தில், கோணலாக வந்த மாதிரிகளைத் தள்ளிவிட நிரலில் நான்கு வரி எழுதியிருந்தேன். எதுவரை கோணல் என்ற வரம்பை, புள்ளிகள் கோட்டோடு பொருந்தும்வரை நகர்த்தியதும் நான்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததோடு, மறைத்ததையே மறந்தும் போயிருந்தேன். கோணலானவையும் ஓரளவு வந்தாக வேண்டும் என்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது.

திங்கட்கிழமை அந்த நான்கு வரிகளை எடுத்தேன். புள்ளிகள் கோட்டை விட்டு விலகிப் போயின. இதற்கு வழி உண்டு. இரைச்சலை நீக்கும் ஒவ்வொரு படியிலும் அமைப்பை லேசாக அசைத்து, ஏற்பதா விடுவதா என்பதை ஆற்றல் விதியிடமே விட வேண்டும். ஆனால் அதற்குப் பல வாரங்கள் பிடிக்கும். அவள் ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டியதோ அந்த வெள்ளிக்கிழமை.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று மதியம்வரை யோசித்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் யோசித்தேன். பிறகு அவள் மேசைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

கத்துவாள் என்று நினைத்தேன். அவள் கணினியில் அந்த அத்தியாயத்தைத் திறந்து மெதுவாகக் கீழே தள்ளிக்கொண்டே போனாள்.

"வேற யார் கொடுத்திருந்தாலும் ஒண்ணுக்கு ரெண்டு தடவ செக் பண்ணியிருப்பேன்க்கா," என்றாள். "நீங்க கொடுத்தீங்கன்னுதான் பண்ணல."