அக்கா ஏறாத வண்டி

நான் ஓய்வு பெற்ற வருடம்தான் பெரிய வண்டி வாங்கும் பேச்சு வந்தது. எங்களிடம் இருந்த சின்னக் காரில் நான், மனைவி, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் இரண்டு பேர் ஏறினாலே மூச்சு முட்டும். புருஷனை இழந்து எங்களோடு வந்துவிட்ட என் அக்கா ஒவ்வொரு தடவையும் வீட்டுக் காவலுக்கு நின்றுவிடுவாள். பிறந்த வீட்டுச் சாமியான எங்கள் சாஸ்தாவைப் பார்த்து அவளுக்குப் பல வருடமாகியிருந்தது. கோயில் ஓட்டப்பிடாரம் போகும் வழியில், கரிசல் காட்டுக்குள் இருக்கிறது.

வண்டி வாங்குவதே அவளுக்காகத்தான் என்று நான்தான் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "ஏலே தம்பி, ஏறுததுக்குத் தாழ்வா இருக்கட்டும். எம் முட்டு மடங்க மாட்டேங்கு."

கையிலிருந்த தொகைக்குப் புது வண்டியை நினைக்கவே முடியாது. மதுரை ரோட்டில் பழைய வண்டி விற்பவரிடம் மைத்துனரோடு போனேன். எங்களுக்குக் கட்டுப்படியாகிற விலையில் இரண்டு நின்றன. ஒன்று, கதவைப் பக்கவாட்டில் தள்ளித் திறக்கிற வேன். வாசற்படி ஏறுவது போல உள்ளே போய்விடலாம். இன்னொன்று ஜீப் மாதிரி உயரமான டீசல் வண்டி.

"அண்ணாச்சி, வேன எடுத்துட்டுக் கரிசக்காட்டுக்குள்ள போவியளா? ஒரு மழ பெஞ்சா மண்ணு வீல்ல அப்பி அங்கனயே நிக்கும்," என்றார் விற்பவர்.

மைத்துனர் சிரித்தார். "அத்தான், இதுல போனா மீன் வண்டி வருதுன்னு சட்டியத் தூக்கிட்டு வருவாவ."

நானும் சிரித்தேன். நாங்கள் கோயிலுக்குப் போவது பங்குனி உத்திரத்துக்கு. பங்குனியில் அந்த மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். இது தெரியாதவனா நான்? ஆனாலும் இந்தப் பக்கத்தில் வண்டி என்றால் உயரமாக நிற்க வேண்டும். ஊர்க்காரர்கள் முன்னால் உயரமான வண்டியிலிருந்து இறங்கும் ஆசை எனக்கும் இருந்தது. ஜீப்பை எடுத்துவந்தேன்.

முதல் உத்திரத்துக்குக் கிளம்பும்போது முக்காலி போட்டு, மகன் மேலிருந்து இழுக்க, நான் கீழிருந்து தள்ள, அக்காவை ஏற்றினோம். எதிர்வீட்டு அம்மாள், "மதினி, பருத்தி மூட்ட ஏத்துதமாதிரில்லா ஏத்துதாவ!" என்றாள். தெருவே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். கோயிலில் இறங்கும்போது சேலை கதவில் மாட்டிக் கிழிந்தது. அத்தனை பேர் பார்க்க, அவள் முந்தானையை இழுத்து மறைத்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த உத்திரத்துக்குக் கூப்பிட்டபோது, "எனக்கு வண்டின்னாலே தல சுத்துது. நீங்க போங்க," என்றாள். பொய் என்று தெரியும். வற்புறுத்தவில்லை.

வழியில் டீசல் போட்டு, கடைத்தெருவில் மாலை வாங்கிக்கொண்டு புறப்பட அரைமணி ஆனது. ஊர் எல்லையிலிருந்த பஸ் நிறுத்தத்தில், நல்ல சேலை கட்டி, வயர்கூடையோடு அக்கா நின்றுகொண்டிருந்தாள். பஸ்ஸில் பிடித்து ஏறக் கம்பி இருக்கிறது.

மகன் வேகத்தைக் குறைத்தான். "அப்பா, அத்த நிக்காவ. நிறுத்தட்டா?"

நிறுத்தத்தில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். அவர்கள் முன்னால் மறுபடி அவளைத் தூக்கிப் போட வேண்டும். முக்காலியும் இல்லை. "பின்னாலயே பஸ் வரும். நீ போ," என்றேன்.

பொங்கல் பொங்கி, பூசையும் முடிந்த பிறகுதான் அவள் வந்து சேர்ந்தாள். ரோட்டிலிருந்து காட்டுப் பாதையில் தனியாக நடந்திருக்கிறாள்; காலெல்லாம் புழுதி. நான் ஏதாவது கேட்க வேண்டுமே என்று, "பஸ்ல கூட்டமா?" என்றேன்.

"இல்ல தம்பி. சன்னலோரமா எடம் கெடச்சுது," என்றாள். கூடையைக் கீழே வைத்துவிட்டு, "உங்க வண்டி போறதப் பாத்தேன்," என்றாள். குரலில் கோபமே இல்லை.

அதற்குப் பிறகு, சாகும்வரை மூன்று வருடம் என் வீட்டில் என்னோடு இருந்தாள். அன்று ஏன் நிறுத்தவில்லை என்று ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று இத்தனை காலம் என்னைச் சமாதானப்படுத்தி வந்தேன். சொல்லியிருக்க மாட்டேன்.