மீன் கடை பேனரில் என் படம்

டிஜிட்டல் கேமரா வாங்கிய புதிது. கல்பாக்கத்தில் வேலை. லீவு நாட்களில், யார் வேண்டுமானாலும் எழுதித் திருத்தக்கூடிய இணையக் கலைக்களஞ்சியத்தில் எங்கள் பக்கத்து ஊர்களைப் பற்றி எழுதுவேன். திருவிடந்தைக் கட்டுரைக்காக அங்கே கரையில் நின்ற படகுகளைப் படம் எடுத்தேன். ‘யாரும் எதற்கும் பயன்படுத்தலாம், என் பெயர்கூடப் போட வேண்டாம்’ என்று ஒப்புதல் கொடுத்துப் பதிவேற்றினேன். அன்றெல்லாம் பெருமை தாங்கவில்லை.

சில மாதம் கழித்து, மாமல்லபுரத்தில் ஒரு மீன் வறுவல் கடையின் பேனரில் அதே படம். வண்டியை நிறுத்திவிட்டுச் சண்டைக்கே போய்விட்டேன்.

“யாரைக் கேட்டுப் போட்டீங்க? இது நான் எடுத்த படம்!”

கடைக்கார அம்மா கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. “நெட்டுல யார் வோணா எடுத்துக்கலாம்னு போட்டுக்கீதுன்னு பேனர் அடிச்சவரு சொன்னாரு சார். அப்படி இல்லியா?”

அப்படிப் போட்டதே நான்தான். கோபம் மட்டும் அடங்கவில்லை. படத்தின் கீழே ‘மாமல்லபுரம் கடற்கரை’ என்று இருந்தது.

“இது மாமல்லபுரமே இல்லை” என்றேன்.

“தப்புன்னா நீயே மாத்திடு சார்” என்று, விலை எழுத வைத்திருந்த மார்க்கரை நீட்டினார்.

என் பெயரை எழுதவும் அங்கே இடம் இருந்தது. ‘மாமல்லபுரம்’ என்பதை அடித்துவிட்டு, ‘திருவிடந்தை’ என்று மட்டும் எழுதினேன். அந்தப் படத்தை நான் உண்மையில் கொடுத்தது அன்றைக்குத்தான்.