சுருளியக்கா கிணற்றில் இறங்கிய புதன்கிழமை

உலகம் அழியப் போகிறது என்று கடமலைக்குண்டில் முதலில் சொன்னவன் நான்தான். இன்றுவரை அதற்காக வெட்கப்படுகிறேன்.

2008 செப்டம்பர். என் பெயர் காமராஜ். காமராஜ் என்றால் அப்போது கிணறு வெட்டும் கிரேன் ஓட்டுகிறவன் என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் டீக்கடையில் ஒரே பேப்பரை நாலைந்து பேர் தாள் தாளாகப் பிரித்துக்கொண்டு படிப்போம். அந்தச் செவ்வாய்க்கிழமை என் கைக்கு முதல் தாள் வந்தது. வெளிநாட்டில் பூமிக்கடியில் இருபத்தேழு கிலோமீட்டர் சுற்றளவுக்குக் குழாய் பதித்து, அதற்குள் அணுவைவிடச் சின்னத் துகள்களை மோதவிடப் போகிறார்களாம். மறுநாள், நம் ஊர் நேரப்படி மத்தியானம் ஒரு மணிக்கு மெஷினை ஓட்டுகிறார்களாம். கருந்துளை உண்டாகிப் பூமியையே விழுங்கிவிடும் என்று பலரும் பயப்படுவதாகப் போட்டு, தொடர்ச்சி ஏழாம் பக்கம் என்று முடித்திருந்தார்கள்.

ஏழாம் பக்கம் ராக்கப்பன் கையில் இருந்தது.

“அதுல என்னண்ணே போட்டிருக்காக?”

“அதேதாம்ப்பா. தப்பிக்க வழியே இல்லங்கிறாக.”

கடைக்காரர் திட்டத் திட்ட, அந்தத் தாளிலேயே இரண்டு வடையைச் சுற்றிக்கொண்டு ராக்கப்பன் எழுந்து போனார். நான் ஊர் முழுக்கத் தமுக்கடித்தேன்.

ராக்கப்பன் சுருளியக்காவின் கொழுந்தன். அக்காவின் புருஷன் மேகமலை எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போனவர், அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டார். ஊரே சேர்ந்து ஒப்பாரி வைக்கக் காத்திருந்தபோது, அக்கா சின்னமனூர் போய் ஜீப் ஏறி, அந்தக் குண்டும் குழியுமான பாதையில் மலைக்குப் போனார். மூன்றாம் நாள் திரும்பினார். ஆளைக் கூட்டிவரவில்லை. இரண்டு ஏக்கர் நிலத்தைத் தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்டு வந்தார். குடும்பத்துச் சொத்து கைமாறிப் போனதே என்று ராக்கப்பனுக்கு அன்று பிடித்த எரிச்சல் அடங்கவே இல்லை.

மானாவாரி நிலம். அக்கா அதில் அறுபது தென்னங்கன்று வைத்து, ஒரு மைல் தூரத்திலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினார். கிணறு தோண்டத் தொடங்கியபோது ராக்கப்பன் சிரிக்க, அக்காவுக்கு ரோஷம் வந்தது. “இந்தக் கிரேன் இங்கன இருந்து போறதுக்குள்ள தண்ணி வரலன்னா, நிலத்த உனக்கே குடுத்துட்டுப் போறேன்” என்று பத்துப் பேர் முன்னால் சொல்லிவிட்டார் அக்கா. அந்தப் புதன்கிழமைதான் கடைசி நாள். வியாழக்கிழமை கிரேன் ராயப்பன்பட்டிக்குப் போயாக வேண்டும்.

செவ்வாய் சாயங்காலம் அறுபதாவது அடியில் வெடி வைத்தோம். உடைந்த கல்லை மறுநாள் அள்ளி மேலே அனுப்பினால்தான் அடியில் ஈரம் இருக்கிறதா என்று தெரியும். புதன்கிழமை காலையில் குழிக்குள் வேலை செய்யும் ஒச்சாண்டியும் கூட்டாளிகள் இரண்டு பேரும் வந்தார்கள். வேலைக்கு அல்ல, சொல்லிவிட்டுப் போக.

“கோவிச்சுக்கிறாதீகக்கா. வீட்ல கோழி அடிச்சிருக்கு. பொண்டாட்டி பிள்ளைகளோட இருந்து போய்ச் சேருறோம். குழிக்குள்ள கெடந்து சாக முடியாது.”

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது.

“ஏப்பா, திரியப் பத்தவச்சிட்டுப் பீடியும் வாயுமா ஏறி வர்ற ஆளு நீ. எங்கனயோ ஒருத்தன் மெஷின ஓட்டுறான்னு உனக்குக் கால் நடுங்குதா? அழியிறதா இருந்தா தண்ணியப் பாத்துட்டு அழியட்டும்.”

சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, கல் ஏற்றும் கிரேன் தொட்டிக்குள் ஏறி நின்றார். வேடிக்கை பார்க்க வந்திருந்த ராக்கப்பன் பதறினார்.

“தண்ணி காங்கிறதுக்கு முந்திப் பொம்பள எறங்கக் கூடாது மதினி. ஊத்து ஓடிப்போயிரும்.”

அது எங்கள் தொழிலில் எல்லோரும் பார்க்கிற வழக்கம்தான். அக்கா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“ஓடிப்போனவுகள நெறையப் பாத்தாச்சு. காமராசு, நீ எறக்குறியா, நானே கம்பியப் பிடிச்சு எறங்கட்டா?”

இறக்கினேன். ஊரையே பயமுறுத்திய நான் மேலே நிற்க, அவர் குழிக்குள் போனதில் எனக்கே என் மேல் அருவருப்பாக இருந்தது. முதல் தொட்டி கல் வந்தது. இரண்டாவது வந்தது. கோழியடித்து வைத்த ஒச்சாண்டி போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் கிணற்றைச் சுற்றிச் சுற்றி வந்தார். மூன்றாவது தொட்டி பாதிக் கிணற்றில் ஏறும்போது மணி பன்னிரண்டு ஐம்பத்தெட்டு. லீவரை நிறுத்தித் தொட்டியை அந்தரத்தில் தொங்கவிட்டேன்.

“ஏலே, ஏன் நிறுத்துன?” கீழிருந்து குரல்.

“ஒரு மணி ஆகப் போகுதுக்கா!”

“ஆனா என்ன? கல்லு இங்கன அப்படியே கெடக்கு. தூக்குலே!”

தூக்கினேன். ஒரு மணி ஆயிற்று. ஒன்றேகால் ஆயிற்று. ஊரில் மின்வெட்டு, டிவியும் இல்லை, உலகம் இருக்கிறதா இல்லையா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. ஒச்சாண்டி பெரிதாக ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு, கூட்டாளிகளையும் இழுத்துக்கொண்டு தொட்டியில் ஏறினார்.

இரண்டரைக்கு வந்த கல்லின் அடிப்பக்கம் கறுப்பாக நனைந்திருந்தது. அதற்கடுத்த தொட்டியில் அக்கா வந்தார். தலையிலிருந்து கால்வரை சேறு. கீழே தென்மூலையில் ஊற்று பிய்த்துக்கொண்டு அடிப்பதாக ஒச்சாண்டி கத்திக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ராக்கப்பனுக்குப் பொறுக்கவில்லை. “ரொம்ப ஆடாதீக. அந்த மெஷினுக்கு இன்னைக்கு வெறும் வெள்ளோட்டந்தான். மோதவிடுறது அப்புறமாத்தான்னு போட்டிருக்காக. அதுலயும் ஒண்ணும் ஆகாதுன்னு அந்தப் படிச்சவுகளே…”

சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் அவரையே பார்த்தேன்.

“ஏழாம் பக்கமாண்ணே?”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பப் பார்த்தார். அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் வேலை நிற்கட்டும் என்று மறைத்ததை அந்த முகத்தில் படிக்க அவருக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அக்கா ராக்கப்பன் முன்னால் போய் நின்று, தன் முகத்துச் சேற்றைப் புறங்கையால் வழித்து அவருடைய வெள்ளை வேட்டியில் துடைத்தார்.

“அறுபது கன்னு காயுது. போ, போயி உன் வீட்டுக் குடத்த எடுத்துட்டு வா.”

ராக்கப்பன் போனார். குடத்தோடு திரும்பியும் வந்தார்.