லோஜினியின் ஒட்டுக்குறி

லோஜினிக்குத் திமிர் பிடித்துவிட்டது என்று அக்கரப்பத்தனையில் சொல்லாத ஆளில்லை. ஆமாம், திமிர்தான். அவளோடு ஒரே பெஞ்சில் படித்த நான் சொல்கிறேன், அந்தத் திமிர் இல்லையென்றால் அவள் கதையை எழுத எனக்கென்ன வேலை?

தேயிலைக் கொழுந்து பறிக்கும் பேச்சியம்மாவின் மகள் அவள். தோட்டத்துப் பிள்ளைகள் தமிழிலேயே கொம்பியூட்டருக்குக் கட்டளை எழுதிப் பழகட்டும் என்று சொந்தமாக ஒரு நிரல்மொழியை உண்டாக்கினாள். சின்ன மொழிதான். கூட்டும், கழிக்கும், எழுத்தைத் திரையில் காட்டும். அதைக் கேள்விப்பட்ட கொழும்புக் கம்பனி ஒன்று, மொழியை வாங்கிக்கொள்கிறோம், உனக்கும் வேலை தருகிறோம் என்றது. வீடே அந்த வேலையை நம்பி இருந்தது.

அதற்குள் வந்தது பலகை விவகாரம். எங்கள் லயங்களில் வரிசையாக ஒட்டிக் கட்டிய காம்பராக்கள்தான் வீடு. அவற்றுக்கு விலாசம் கிடையாது. கடிதமெல்லாம் தோட்ட ஆபீசில் குவியும், போய்க் கெஞ்சித்தான் வாங்க வேண்டும். வீட்டுக்கு வீடு நம்பர் மாட்டினால் லயத்துக்கே கொண்டுவந்து தருகிறேன் என்று தபால்காரர் சொன்னார். லய நம்பரையும் பக்கத்திலேயே காம்பரா நம்பரையும் எழுதுவது என்று முடிவாயிற்று. நாலாம் லயம், ஏழாம் காம்பரா என்றால் 47. லோஜினி தன் மொழியிலேயே நிரல் எழுதிப் பலகைகளை அச்சடித்துக் கொண்டுவந்தாள்.

நாலாம் லயத்து ஏழாம் காம்பரா, பேச்சியம்மா வீட்டுக்கு 11. ஐந்தாம் லயத்து ஆறாம் காம்பராவுக்கும் 11. மூன்றாம் லயத்து எட்டாம் காம்பராவுக்கும் அதே 11! ஒட்டிவிடும் என்று நினைத்து நிரலில் இரண்டு நம்பருக்கும் நடுவே அவள் போட்டது கூட்டல் குறி. மொழி பாவம், சொன்னபடி கூட்டிவிட்டது.

"அடிப்பாவி, மூணு குடும்பத்த ஒரே வீட்டுல தள்ளிட்டியே!" என்று விழுந்து விழுந்து சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "காலையில வேலைக்குப் பிரிக்கிற பெரட்டுல ஆள் எண்ணும்போது எங்கம்மாவ வெறும் தலைக்கணக்காத்தான் கூட்டுறாங்க. நானும் அதையேதான் செஞ்சிருக்கேன்," என்றாள்.

அந்த வாரமே மொழியில் புதுக்குறி ஒன்று வந்தது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு புள்ளிகள். இரண்டு புறமும் எண் இருந்தாலும் சரி, எழுத்து இருந்தாலும் சரி, எதையும் கூட்டாமல் உள்ளதை உள்ளபடி ஒட்டி வைக்கும். நாலையும் ஏழையும் கொடுத்தால் 47. பலகைகள் திரும்ப அச்சாகிக் கதவுகளில் ஏறின.

கொழும்புக்கு நானும் கூடப் போனேன். கம்பனி மேலாளர் கணேசமூர்த்தி, எங்கள் மலைப்பக்கத்து ஹட்டன் பஜாரில் கடை வைத்திருந்த குடும்பத்து மனிதர். பலகைக் கதையைக் கேட்டு, மொழியை வாயாரப் புகழ்ந்துவிட்டு, "அந்த ரெண்டு புள்ளிய மட்டும் எடுத்துருங்க தங்கச்சி. ஒட்டுறதுக்கும் கூட்டல் குறியே போதும். பெரிய பெரிய மொழியெல்லாம் அப்பிடித்தானே ஓடுது?" என்றார்.

"ரெண்டுக்கும் ஒரே குறி வச்சா எங்காளுங்க நம்பர் கலந்துரும் சார்."

"கலந்தா திருத்திக்கலாம். நாலஞ்சு லயத்துக்காக ஒரு மொழியில தனியா குறி வைப்பாங்களா? எடுங்க, இன்னைக்கே வேலைக் கடிதம் தாரேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லோஜினி மெதுவாகத்தான் கேட்டாள்: "உங்க வீட்டு நம்பரையும் பக்கத்து வீட்டு நம்பரையும் கூட்டி ஒரு பலகை அடிச்சுத் தாரேன். கேட்டுல மாட்டிக்கிறீங்களா சார்?"

அவர் கதவைக் காட்டினார். வேலை கிடைக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் தேம்பித் தேம்பி அழுதாள்.

"வீட்டுல என்னடி சொல்லப்போற?"

"என்னத்தையாவது சொல்றேன். அழுகை வருது, அழுதுட்டுப் போறேன். குறிய மட்டும் எடுக்க மாட்டேன்."

றொசல்ல பக்கம் வந்தபோது மடியில் கொம்பியூட்டரைத் திறந்தாள். யார் வேண்டுமானாலும் இனாமாக எடுத்துப் பாவிக்கலாம் என்று எழுதி, புள்ளிகளோடேயே முழு மொழியையும் இணையத்தில் போட்டாள்.

"இப்ப அந்தக் கம்பனிய வந்து வாங்கச் சொல்லு பார்ப்போம்," என்றாள், மூக்கைத் துடைத்துக்கொண்டே.